முழுக்க இழுக்கக் கூடாத கயிறு

போர்நிறுத்தத்தில் கண்டி வீதி திறந்து ஒரு வருடம் ஆகப்போகிற மாசி மாதத்தில், புத்தளத்திலிருந்து வந்த வான் ஒன்று முல்லைத்தீவுக்குப் பக்கத்துத் தண்ணீரூற்றில் எங்கள் படலையடியில் நின்றது. கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தது ஒரு நீளக் குழாய். அதன் ஒரு முனையில் செம்மஞ்சள் நிறத்தில் சிறிய இயந்திரம். மறு முனையில் சிரட்டை அளவில் ஒரு கறுப்பு மூடி, அதிலிருந்து இரண்டு நைலோன் நரம்புகள் மீசை போல நீட்டிக்கொண்டிருந்தன. குழாயைத் தொடர்ந்து நானா இறங்கினார். அவருக்குப் பின்னால், வானின் கைப்பிடியை விடாமல், வீங்கிய காலை மெல்ல நிலத்தில் வைத்து அவருடைய மனைவி இறங்கினார்.

நானா என்று நான் கூப்பிட்டாலும் அவர் என்னைவிட மூன்று வயது இளையவர். அவர் என்னை அண்ணை என்பார். இப்படி ஒருவரை ஒருவர் மூத்தவராக்கிக்கொண்டு பக்கத்துப் பக்கத்துக் காணிகளில் மிளகாயும் வெங்காயமும் செய்தோம். கிணறு எங்களுடையது. இறைப்பு மிசின் இருவருக்கும் பொது. தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது அவர்களும் போனார்கள். பிறகு நாங்களும் இரண்டு முறை ஓடித் திரும்பினோம். பாதை திறந்த பிறகு நானா ஒரு தடவை தனியாக வந்து தன் காணியைப் பார்த்துப் போயிருந்தார். மனைவி வருவது இதுதான் முதல் தடவை.

நான் கூட்டுறவுச் சங்கத்துக் களஞ்சியத்தில் வேலை பார்த்தவன். வருகிற மூட்டையையும் போகிற மூட்டையையும் எண்ணிப் பழகியதில், ஓய்வுபெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. வானிலிருந்து இறங்கிய பொதிகளை எண்ணினேன். ஆறு. மிசினோடு ஏழு.

"உதென்ன நானா, தும்பிக்கை மாதிரி?"

"புல்லு வெட்டுற மிசின் அண்ணை. மச்சான் குவைத்தாலை கொண்டு வந்தவர். ஓமந்தைச் சோதனைச் சாவடியிலை ஆமிப் பக்கமும் கேட்டாங்கள், இயக்கப் பக்கமும் கேட்டாங்கள், உது என்னத்தைச் சுடுற சாமானெண்டு. புல்லைச் சுடுறதெண்டு சொன்னன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் சிரிச்சாங்கள்."

எங்கள் காணியில் புல் வெட்ட மண்வெட்டி இருக்கிறது, கத்தி இருக்கிறது. இதை ஏன் இவ்வளவு தூரம் தூக்கி வந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. தேநீர் குடிக்கும்போது நானா சொன்னார். அவருடைய மனைவி அந்த நேரம் குசினிக்குள் என் மனைவியோடு இருந்தார்.

ஊரைவிட்டுப் போவதற்கு முந்திய வருடம் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை காய்ச்சலில் இறந்தது. ஏழு மாதப் பிள்ளை. எனக்கும் நினைவிருந்தது. பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள மையவாடியில் அடக்கினார்கள். அவர்களுடைய வழக்கத்தில் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒவ்வொரு பலகைத் துண்டு நடுவார்கள். மீசான் கட்டை என்று பெயர். நானா முதிரைப் பலகையில் தன் கையாலேயே அறுத்து நட்டார். பெயர் எழுதவில்லை. பிறகு பதின்மூன்று வருடம் அங்கே ஒருவரும் புல் வெட்டவில்லை.

இப்போது திரும்பி வந்திருக்கிற நாலைந்து குடும்பங்கள் மையவாடியைத் துப்புரவு செய்யத் தீர்மானித்திருந்தார்கள். கண்ணிவெடி இல்லை என்று பார்த்துச் சொல்லியாயிற்று. ஆனால் இலுக்குப் புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து காய்ந்து நிற்கிறது. உள்ளே புடையன் பாம்பு. யார் கால் வைப்பது. ஆகவே அடுத்த நாள் மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் நெருப்பு வைப்பது என்று முடிவு.

"நெருப்பு வைச்சால் கட்டையெல்லாம் எரிஞ்சுபோம் அண்ணை. பிறகு எது எங்கையெண்டு ஒருதருக்கும் தெரியாது. கத்தியாலை வெட்டினால் கட்டையிலை பட்டுத் தறிபடும். இந்த நரம்பு புல்லை மட்டுந்தான் வெட்டும், மரத்திலை பட்டால் வளைஞ்சு குடுத்திடும். அதுக்காகத்தான் தூக்கிக்கொண்டு வந்தனான். லுஹர் மட்டும் பொறுக்கிறமெண்டு சொல்லியிருக்கினம்."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவவை இன்னொருக்கால் கூட்டிக்கொண்டு வர ஏலாது. காலைப் பாத்தீங்கள்தானே. இடம் நிக்குதெண்டு ஒரு சொல்லுக் கேட்டால் போதும் எண்டுதான் வந்தவ."

வான் மறுநாள் பின்னேரம் திரும்புகிறது. ஆக இருந்தது ஒரு காலைப்பொழுது.

தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, மிசின் வேலை செய்வதை எனக்குக் காட்ட நானா முற்றத்தில் இறங்கினார். அது குவைத்திலிருந்து வந்த பிறகு ஒரு தடவைதான் ஓடியிருந்தது. அதுவும் மச்சான் இழுத்து. பெண்கள் இருவரும் குசினி வாசலுக்கு வந்தார்கள். நானா சாரத்தை மடித்துக் கட்டினார். இடது காலை மிசினுக்குப் பக்கத்தில் ஊன்றினார். வலது கையில் கயிற்றுப் பிடியை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு உடம்பைப் பின்னால் சாய்த்தார்.

அந்த நிலையைக் கண்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் இழுத்துவிட்டார்.

எங்கள் பழைய இறைப்பு மிசினுக்குக் கயிறு தனி. நுனியில் முடிச்சுப் போட்ட கயிற்றைச் சில்லின் வெட்டில் கொளுவி, மூன்று சுற்றுச் சுற்றி, உடம்பு முழுவதையும் பின்னால் எறிந்து இழுக்க வேண்டும். கயிறு கழன்று கையோடு வந்தால்தான் மிசின் பிடிக்கும். பாதியில் நிறுத்தினால் சில்லு திருப்பி அடித்துக் கையை முறித்துவிடும். வன்னியில் தோட்டம் செய்த ஒவ்வொருவனுடைய தோளும் அப்படித்தான் பழகியிருந்தது. இந்தச் சிறிய மிசினில் கயிறு உள்ளேயே இருக்கிறது. ஒரு முழம் வெடுக்கென்று இழுத்துத் திரும்ப உள்ளே விட வேண்டும். நானா அதை வெங்காயத் தோட்டத்து இழுப்பு இழுத்தார். உள்ளே ஏதோ டக் என்றது. கயிறு முழு நீளத்துக்கும் வெளியே வந்தது. நானா தென்னம்பாத்திக்குள் குந்தினார்.

என் மனைவி சிரித்துவிட்டார். "நானா மிசினை இழுக்கச் சொன்னால் குளத்துக் கதவை இழுக்கிறார்."

நானாவும் சிரித்துக்கொண்டே எழுந்து, கயிற்றை உள்ளே விட்டுப் பார்த்தார். அது போகவில்லை. கோழிக் குடல் மாதிரி வெளியே தொங்கியது. இரண்டாம் தரம் தள்ளிப் பார்த்தபோது அவர் சிரிக்கவில்லை. குசினி வாசலைப் பார்த்தேன். அவருடைய மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கயிற்றையே பார்த்தபடி நின்றார்.

முல்லைத்தீவில் ஒரு கராஜ் இருந்தது. அங்கே கொண்டுபோனால் நாளை வா என்பார்கள். ஆகவே வீட்டு மண்டபத்து மேசையில் பழைய பேப்பர் விரித்து நாங்களே திறந்தோம். நான் மிசின்காரன் அல்ல. இறைப்பு மிசினைக் கழற்றிப் பூட்டிய அனுபவம் மட்டும்தான். கழற்றுகிற எதையும் எண்ணி வைப்பேன் என்பது ஒன்றே எனக்கு இருந்த தகுதி. கயிறு இருக்கிற மூடிக்கு நாலு ஸ்குறூ. கோப்பைத் தட்டில் போட்டேன். மூடிக்குள்ளே கயிறு சுற்றுகிற ஒரு பிளாஸ்ரிக் கப்பி, அதன் நடுவில் ஒரு ஸ்குறூ. ஐந்து.

"மெல்லத் தூக்குங்கோ நானா. உள்ளுக்கை ஸ்பிறிங் இருக்கும்."

"மெல்லத்தான் தூக்குறன்."

"இன்னும் மெல்ல."

"அண்ணை, நீங்கள் சொல்லச் சொல்லத்தான் கை நடுங்குது."

கப்பி அசைந்த உடனே ஸ்பிறிங் துள்ளி வெளியே பாய்ந்தது. மேசையைத் தாண்டி அலுமாரியில் அடித்துக் கீழே விழுந்து, இன்னும் இரண்டு தரம் தானாக உதறியது. கண்ணில் படவில்லை என்பதே பெரிய விஷயம். நான் அன்றைக்கு முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேனாம். பிறகு என் மனைவி சொல்லிக்காட்டினார். நாடா போல மெல்லிய உருக்கு, விரித்தால் இரண்டு பாகம், இரண்டு ஆள் நீளம். அதன் உள் முனையில், கப்பியைப் பிடிக்கிற கொளுக்கி முறிந்திருந்தது. முழு இழுப்பைத் தாங்கியது அந்த விரல்நகம் அளவு வளைவுதான்.

வேறு ஸ்பிறிங் கிடைக்காது. முறிந்த முனையிலேயே புதிதாக ஒரு கொளுக்கி வளைக்கலாம் என்று நானா சொன்னார். உருக்கைச் சும்மா வளைத்தால் திரும்ப முறியும். சுட்டு வளைக்க வேண்டும். குசினியில் சிரட்டைக்கரி மூட்டினோம். பெற்றோல் போத்தல் எங்கே இருக்கிறது என்று நான் மூன்று தரம் கேட்டேன். வெளியே, கிணற்றுக்கட்டுக்கு அப்பால் இருக்கிறது என்று என் மனைவி மூன்று தரமும் சொன்னார். அவர் ஊதுகுழலால் ஊத, நானா குறட்டால் முனையை மட்டும் கரிக்குள் பிடித்தார். செம்பருத்திப் பூ நிறம் வந்ததும் எடுத்து, பலகையில் அடித்து வைத்திருந்த ஆணியைச் சுற்றி வளைத்தார். அதைத் தண்ணீர் வாளியில் போடப்போனவரின் கையை நான் பிடித்துக்கொண்டேன். தண்ணீரில் போட்டால் கண்ணாடி மாதிரி உடையும் என்று எனக்குப் பயம். சாம்பலுக்குள் புதைத்துத் தானாக ஆறவிட்டோம். என் பயங்களில் பயன்பட்டவை சில உண்டு. அது அவற்றில் ஒன்று.

கொளுக்கி சரியாக வந்தது. அதன் பிறகுதான் உண்மையான கஷ்டம். இரண்டு பாக உருக்கு நாடாவை உள்ளங்கை அளவு வட்டத்துக்குள், வெளியிலிருந்து உள்ளே, இடைவெளியில்லாமல் சுருட்டி அடக்க வேண்டும். நானா சுருட்டினார். நாலு சுற்று வந்ததும் பாய்ந்தது. நான் சுருட்டினேன். ஏழு சுற்று வந்தது, பெருவிரலை வெட்டிக்கொண்டு பாய்ந்தது. இருவரும் சேர்ந்து சுருட்டினோம்; நாலு கை ஒன்றையொன்று தட்டிவிட்டது. வெயில் வேலிப்பக்கம் சாய்ந்துவிட்டிருந்தது.

"இஞ்சை தாங்கோ" என்று ஒரு குரல் கேட்டது.

நானாவின் மனைவி மேசைக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தார். அவர் பன்புல்லில் பாய் பின்னுகிறவர். புத்தளத்தில் அகதி முகாமில் இருந்த காலத்தில் அந்தப் பாயில்தான் வீடு ஓடியது என்று நானா சொல்லியிருந்தார். முக்காட்டு நுனியைத் தோளில் செருகிக்கொண்டு, மூடியை மடியில் வைத்து, ஸ்பிறிங்கின் வெளி முனையை அதற்குரிய வெட்டில் மாட்டினார். இடது பெருவிரலால் சுற்றை அமுக்க, வலது கை ஒவ்வொரு அங்குலமாக நாடாவை உள்ளே ஊட்டியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றுகளை எண்ணினேன். எட்டாவது சுற்றில் ஸ்பிறிங் ஒரு பக்கம் மேலே எழுந்தது. அவர் அவசரப்படவில்லை. விரலால் தட்டித் தட்டி அதைக் கீழே இறக்கினார்.

"படு ராசா" என்றார். "படு, படு."

ஸ்பிறிங்குக்குத்தான் சொன்னார். நானா எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி கிணற்றடிக்குப் போனார். என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி, அங்கே ஒன்றுமில்லாத இடத்தைத் துடைத்தார். நான் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். கடைசிச் சுற்று உள்ளே அடங்கியபோது அது எத்தனையாவது என்று எனக்குத் தெரியாது.

கப்பியை வைத்து, நடு ஸ்குறூவைப் பூட்டி, கயிற்றைச் சுற்றி இழுத்துப் பார்த்தோம். கயிறு வந்தது, திரும்பிப் போக மனமில்லாமல் பாதியில் நின்றது. ஸ்பிறிங்குக்கு முன்கூட்டியே கொஞ்சம் முறுக்கு வேண்டும் என்று விளங்கியது. கப்பியை ஐந்து சுற்று முறுக்கினோம். இப்போது கயிறு அரை முழத்துக்கு மேல் வெளியே வர மறுத்தது. மூன்று சுற்று முறுக்கினோம். இழுத்தால் வந்தது, விட்டால் பிடி டக் என்று போய் மூடியில் ஒட்டியது. அந்தச் சத்தத்துக்காக நாங்கள் நாலு பேரும் மாறி மாறி இழுத்துப் பார்த்தோம். பிறகு நான் தடுத்தேன். தேயும்.

என் மனைவி தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்து, கயிற்றில் ஒரு முழ தூரத்தில் இறுக்கிக் கட்டினார். "நானா, இந்த நூல் கண்ணுக்குத் தெரிஞ்சால் நிப்பாட்ட வேணும். இது வெங்காயத்துக்கு இறைக்கிறதில்லை."

"சரி அக்கா. இனி உங்கடை உத்தரவு இல்லாமல் இழுக்கமாட்டன்."

முற்றத்தில் மூன்றாவது இழுப்பில் மிசின் பிடித்தது. பெற்றோல் ஒரு போத்தல்தான் ஒயில் கலந்து கொண்டுவந்திருந்தார். ஆகவே உடனே நிறுத்தச் சொன்னேன்.

காலையில் நாலு பேரும் மையவாடிக்குப் போனோம். பெண்கள் உள்ளே போவதில்லை. வீதிக்கு மறுபுறம் புளியமரத்தின் கீழ் என் மனைவி பாய் விரித்து, நானாவின் மனைவியின் காலை நீட்டி உட்காரவைத்தார். வேலிக்கு அப்பால் இலுக்கு ஆள் உயரத்துக்கு நின்றது. பள்ளிவாசல்காரர் மூன்று பேர் மண்ணெண்ணெய்க் கலனும் காய்ந்த தென்னோலையுமாக ஏற்கெனவே வந்திருந்தார்கள். நான் படலையில் நின்று, உள்ளே வரலாமோ என்று கேட்டேன்.

"வாங்கோ அண்ணை" என்றார் நானா. "நீங்கள் வராட்டில் ஆர் என்னை ஏசுறது?"

அவர் மிசினைத் தோளில் மாட்டினார். நான் கயிறு இழுத்தேன். நூல் தெரியும் வரை. ஐந்தாவது இழுப்பில் பிடித்தது. நைலோன் நரம்பு சுழன்று புல்லில் பட்டதும் புல் தூசாகப் பறந்தது. நான் வாரியோடு பின்னால் போய் இழுத்து ஒதுக்கினேன். பாம்புக்குப் பயந்து காலை அடித்து அடித்து வைத்தேன். மிசின் சத்தத்துக்கே அவை ஓடிவிடும் என்று பள்ளிவாசல்காரர் ஒருவர் சொன்னார். நான் நம்பவில்லை. ஆனாலும் போனேன்.

முதல் கட்டை தெரிந்தது. நரம்பு அதில் பட்டு, ஈர்க்கால் தட்டுவது போலச் சட சடவென்று சத்தம் கேட்டது. நானா மிசினைத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. பள்ளிவாசல்காரரில் மூத்தவர் கிட்ட வந்து கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய் மண்ணெண்ணெய்க் கலனை வேலிக்கு வெளியே வைத்தார்.

பிள்ளையை அடக்கிய இடத்துக்கு நானா வைத்திருந்த அடையாளம் மூலையில் நின்ற ஒரு வேம்பு. வேம்பு இல்லை. அடிக்கட்டையும் இல்லை. யாரோ பதுங்குகுழிக்குத் தறித்துப்போயிருக்க வேண்டும். மூலை முழுவதையும் வெட்டினோம். பெரிய கட்டைகள் வந்தன. சில கறையான் தின்று பாதியாக நின்றன. அதன் பிறகு சின்னக் கட்டைகள். தலைக்கும் காலுக்கும் நடுவில் ஒரு முழமும் கொஞ்சமும்தான். முதிரைப் பலகை. நானா மிசினை நிறுத்தினார்.

பக்கத்திலேயே இன்னொரு சோடி. அதற்கும் பக்கத்தில் ஒன்று. மூன்று சோடி. எல்லாம் முதிரை, எல்லாம் ஒரே அளவு, ஒன்றிலும் எழுத்தில்லை. அந்த வருடத்துக் காய்ச்சல் ஒரு வீட்டோடு நிற்கவில்லை. அது எங்களுக்குத் தெரிந்திருந்ததுதான். ஆனால் இந்த இடத்தில் இப்படி வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

நானா குந்தி, ஒவ்வொரு கட்டையாகத் தொட்டார். ஆறையும் தொட்டார். திரும்பவும் முதலாவதுக்கு வந்தார்.

"என்ரை கையாலை அறுத்தது அண்ணை. தெரியாமல் எங்கை போகப்போகுது எண்டு நினைச்சன். தெரியேல்லை."

நான் வேலியிலிருந்து எத்தனை அடி என்று கேட்டேன். ஞாபகமில்லை என்றார்.

"அவவுக்கு என்ன சொல்லுறது?"

"இருக்கிறதைச் சொல்லுங்கோ" என்றேன். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று யோசித்தேன்.

இருவரும் வேலிக்கு வந்தோம். நானாவின் மனைவி எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, என் மனைவியின் தோளைப் பிடித்து எழுந்து வீதியைக் கடந்து வந்தார்.

"நிக்குதோ?"

"நிக்குது" என்றார் நானா. "மூண்டு நிக்குது. எங்கடை எதெண்டு எனக்குத் தெரியேல்லை."

அவர் வேலிக் கம்பியில் ஒட்டியிருந்த காய்ந்த கொடியை நுள்ளி எடுத்தார்.

"எரியேல்லைத்தானே?"

"இல்லை. எல்லாம் நல்லா நிக்குது. கறையானும் தொடேல்லை."

"ஓதினீங்களோ?"

"எதிலை நிண்டு ஓதுறது?"

"மூண்டிலையும் நிண்டு ஓதுங்கோ" என்றார் அவர். "மற்ற ரெண்டின்ரை தாய்மாரும் எங்கையோ இருந்து நினைச்சுக்கொண்டுதானே இருப்பினம். அவையாலை வர ஏலாது. நீங்கள் வந்து நிக்கிறியள்."

நானா திரும்பிப் போனார். பள்ளிவாசல்காரர் மூவரும் ஓலையைப் போட்டுவிட்டு அவரோடு சேர்ந்து நின்றார்கள். எனக்கு ஓதத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றேன்.

நெருப்பு வைக்கிற கதையை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. மூத்தவர் மிசினை இன்னும் இரண்டு கிழமைக்கு விட்டுப்போகச் சொல்லிக் கேட்டார். நானா சம்மதித்தார். லுஹர் தொழுகைக்கு வந்தவர்களும் சேர்ந்து, ஆளுக்கு ஆள் கயிற்றை இழுத்துப் பார்க்க ஆசைப்பட்டார்கள். எல்லாரும் தோட்டக்காரர். ஒவ்வொருவரும் இடது காலை ஊன்றுவதைக் கண்டதும் நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். அப்படி ஐந்து பேரைத் தடுத்தேன்.

போத்தலின் அடியில் கொஞ்சம் பெற்றோல் மிச்சம் இருந்தது. மூன்று சோடிக் கட்டைகளுக்கும் வீதிக்கும் நடுவே இன்னும் புல் நின்று மறைத்தது. நானா அதை நேர்கோடாக வெட்டிக்கொண்டு வேலிவரை வந்தார். கடைசி அடி விழுந்ததும் மிசின் இரண்டு தரம் விக்கி நின்றது. தூசு அடங்க, வீதியில் நின்றபடியே உள்ளே பார்க்க முடிந்தது. நானாவின் மனைவி வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

வான் வந்து புளியடியில் நின்றது. சாரதி இறங்கி, ஓமந்தைச் சாவடியை மூடிவிடுவார்கள், நேரமாயிற்று என்று என்னிடம் சொன்னான். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். அவனிடம் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அதற்குள் என் மனைவி சுடுதண்ணிப் போத்தலில் கொண்டுவந்திருந்த தேநீரைக் கோப்பையில் ஊற்றி அவன் கையில் கொடுத்தார்.

"ஆறுதலாய்க் குடியும் தம்பி" என்றார். "சுடுது."